காரியம் முடியும்வரை

சிவஞானம் கடைசியாக விற்றது நாற்பது டன் எரிபொருள். வாங்கியவர்கள் யாரென்று அலமுவுக்குத் தெரியாது. பூமியைச் சேர்ந்தவர்கள் இல்லை என்பது மட்டும் தெரியும். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. மௌலா அலி மலைக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மொட்டை மாடியில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற குழாய்த் தண்ணீரில் துவைத்த துணி கிடந்தது. எடுத்து வரும்படி சமையலறையிலிருந்தே இரண்டு தடவை சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவைக்குத்தான் பதில் வந்தது.

"இந்தத் துறைமுகத்துல சரக்கை இறக்கிட்டு வந்துர்றேன் அலமு. பாதியில விட்டா கப்பலை ஜப்தி பண்ணிடுவான்."

"உங்க கப்பல் நனையாது. தலையணை உறை நனையும்."

அவரோடு அவள் கடைசியாகப் பேசியது அதுதான். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்துக்கு அந்த முடிவு போதுமா என்று யோசிக்க அவளுக்குப் பிறகு நிறைய நேரம் கிடைத்தது. சிவஞானம் மாடிக்குப் போனார், துணியை எடுத்தார், இறங்கும்போது படியில் உட்கார்ந்தார். மேல் வீட்டுக் கனகம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. துணி ஒன்றும் நனையவில்லை. டாக்டர் வந்து மாரடைப்பு என்றார். அறையில் கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சரக்கு இறங்கிவிட்டது, அடுத்து எங்கே என்று கேட்டது.

அந்த ஆட்டத்துக்கு கேலக்ஸி தந்தா என்று பெயர். தந்தா என்றால் ஹைதராபாத் பேச்சில் வியாபாரம். படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். 'நீங்கள் 214-ஆம் மண்டலத்தில் இருக்கிறீர்கள். இங்கே ஒரு துறைமுகம் உள்ளது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதைப் படித்துவிட்டு மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பார், துறைமுகம் அங்கே தெரிகிற மாதிரி. ஜன்னலில் தெரிந்தது எதிர்வீட்டு ஏ.சி. பெட்டியும் அதன்மேல் ஒரு புறாவும்.

ஒரு இடத்தில் சரக்கு வாங்கி இன்னொரு இடத்தில் விற்க வேண்டும். நடுவில் யாராவது வந்து அடிப்பார்கள், திருப்பி அடிக்க வேண்டும். கொஞ்சம் தேறினால் ஒரு கிரகம் சொந்தமாகும். சிவஞானம் முப்பத்து நாலு வருஷம் அணு எரிபொருள் ஆலையில் கருவி மெக்கானிக்காக இருந்தவர். அங்கே வெளியே வரும்போது டிபன் டப்பாவைக்கூடத் திறந்து காட்ட வேண்டும். ஓய்வு பெற்ற மறுமாசம் இந்த ஆட்டத்தில் சேர்ந்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் எரிபொருளை டன் கணக்கில் ஏற்றி அனுப்ப ஆரம்பித்தார். வாசலில் சோதனை இல்லாத ஒரு தொழிலை அவர் வாழ்நாள் முழுக்கத் தேடியிருக்கிறார் என்று அலமு நினைத்துக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் ஒரு கிரகமும் வாங்கிவிட்டார். பிரபஞ்சம் முழுக்கப் பெயர்கள் காலியாகக் கிடக்க, அதற்கு அவர் வைத்த பெயர் நியூ மௌலா அலி.

ஆட்டத்தை உண்டாக்கியவர் முகமது யூசுப். ரயில்வேயில் தந்திப் பிரிவில் சேர்ந்து, தந்தி செத்தபிறகு சிக்னலில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான் அந்தப் பிரபஞ்சம் இருந்தது. அவர் வீட்டில் கரண்ட் போனால் பிரபஞ்சமும் போய்விடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். தந்திக்காரர் என்பதால் அவருக்குச் சில பிடிவாதங்கள். கட்டளை முழு வாக்கியமாக இருக்க வேண்டும், ஒரு எழுத்துப் பிழை இருக்கக் கூடாது. இருந்தால் 'சம்ஜே நை, ஃபிர் போலோ' என்று வரும். புரியவில்லை, மறுபடி சொல் என்று அர்த்தம். ஆம், இல்லை என்ற கேள்விகளுக்கு எஸ், நோ எல்லாம் செல்லாது. ஆமென்றால் ஹவ், இல்லையென்றால் நக்கோ. ஹைதராபாத்தில் இருந்துகொண்டு வேறு எப்படிப் பதில் சொல்வது என்பது யூசுப்பின் கட்சி.

ஆடியவர்கள் பதினெட்டுப் பேர். எல்லாரும் ஓய்வு பெற்ற ஆண்கள். எல்லாரும் ஒரு விரலாலோ இரண்டு விரலாலோ தட்டுகிறவர்கள். எதிரி மேல் ஏவுகணை விட வேண்டுமென்றால் எஃப் எழுத்து எங்கே என்று கண்ணாடியைத் தூக்கித் தேடுவார்கள். அதற்குள் எதிரி ஐ எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பான். இதற்கு அவர்கள் விண்வெளிப் போர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் யூசுப் வந்தார். நடுக்கூடத்தில் நின்று, செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். நேற்று ஆட்டத்தில் எல்லாரும் இரண்டு நிமிஷம் எதையும் தட்டாமல் மௌனம் காத்தார்கள் என்றார். அவர்கள் வழக்கமாகவே அப்படித்தான் இருப்பார்கள் என்று அலமுவுக்குத் தோன்றியது. பிறகு, காரியம் முடியும்வரை சிவா பாயின் கிரகத்துப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று அறிவிப்பு போட்டுவிட்டதாகச் சொன்னார். ஆள் இல்லாத கிரகத்தை யார் வேண்டுமானாலும் அடித்து எடுத்துக்கொள்ளலாம் என்பது ஆட்டத்தின் விதி, ஆனால் மனுஷத்தனம் என்று ஒன்று இருக்கிறதே என்றார். அலமு தலையாட்டினாள். அப்போது யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள், கூட ஆடுகிற சக்ரபாணி வந்தார். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறை. தாத்தா காலத்தில் கன்டோன்மென்ட்டுக்கு வந்த ஐயங்கார் குடும்பம். ஒரு பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேஜைமேல் வைத்து, சிவஞானத்தைப் போல ஒரு நேர்மையான எரிபொருள் வியாபாரியைத் தான் பார்த்ததில்லை என்றார். ஜன்னலோரம் இருந்த கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்தார். காப்பி குடித்தார். போகும்போது இன்னொரு தடவை பார்த்தார்.

பதின்மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு யூசுப் போன் பண்ணினார். அலமு அப்போது பதினாறாம் நாளுக்கு எத்தனை இலை வேண்டும் என்று மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். சாஹித்யா கச்சிபௌலியில் ஐ.டி. வேலை பார்க்கிறவள். அப்பா போனதிலிருந்து இங்கேயே சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்திருந்தாள். யூசுப்புக்கு அவள் எப்போதும் பாபி, அதாவது அண்ணி. சக்ரபாணி அறுபது கலங்களோடு நியூ மௌலா அலியைச் சுற்றி நிற்கிறார் என்றார். கவசம் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கிரகம் அவருடையதாகிவிடும். ஆனதும் அதில் சிவா பாய் எழுதி வைத்திருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

"எழுதி வச்சிருக்காரா?"

"கிரகத்துக்கு ஒரு பக்கம் இருக்குது பாபி. சொந்தக்காரன் எழுதுவான். இறங்கினாத்தான் படிக்க வரும். நான் படிச்சதில்லே, அது தப்பு. சக்ரா பேரு மாத்துவான், எல்லாம் போய்டும்."

சிவஞானம் எழுதுகிற ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு கடிதம் போட்டதில்லை. பிறந்தநாள் வாழ்த்து அட்டையில்கூட அச்சடித்ததற்குக் கீழே கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் ஆலையில் ரிஜிஸ்டரில் போடுகிற அதே கையெழுத்து. அந்த மனிதர் எங்கோ ஒரு பக்கம் எழுதியிருக்கிறார், அதை ஒரு மணி நேரத்தில் ஒருவன் துடைத்துவிடப் போகிறான். அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்.

சக்ரபாணியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்கோ சிஸ்டர். எல்லாம் நல்லபடியா ஆச்சோன்னோ?"

"எது ஆச்சான்னு கேக்குறீங்க?"

"காரியம்தான். இன்னிக்கு பதிமூணு. சுபம் ஆயிருக்குமே."

"எங்க வீட்டுல பதினாறு சார். நாங்க முதலியாருங்க."

எதிர்முனையில் கீபோர்டில் ஒரு எழுத்து தட்டுகிற ஒலி மட்டும் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"அடடா," என்றார் சக்ரபாணி. "நேக்குத் தோணவே இல்லை. ஆனா பாருங்கோ, யூசுப் நோட்டீஸ்ல நாள் போடலை. காரியம் முடியற வரைக்கும்னுதான் போட்டிருக்கான். எங்காத்துக் கணக்குக்கு முடிஞ்சுடுத்து. ஆரம்பிச்சதைப் பாதியில நிறுத்தினா நேக்கு கலமெல்லாம் நஷ்டமாயிடும்."

"செத்தவரு உங்க வீட்டுக்காரரு இல்லையே சார்."

"பெர்சனலா எடுத்துக்காதேள் சிஸ்டர். இது வெறும் கேம்."

அவள் போனை வைத்துவிட்டு யூசுப்பைக் கூப்பிட்டுக் கேட்டாள், நீங்கள் அறிவிப்பு போடும்போது எத்தனை நாள் என்று நினைத்துப் போட்டீர்கள் என்று. அவர் தயங்காமல் நாற்பது என்றார். அவர்கள் வீட்டில் நாற்பதாம் நாள்தான். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாராம். எழுபது வருஷமாக ஒரே ஊரில், ஒருவர் வீட்டு விசேஷத்தில் இன்னொருவர் சாப்பிட்டு வளர்ந்த மனிதர்கள். செத்தவனுக்கு எத்தனை நாள் என்று ஒருத்தனுக்கும் ஒருத்தனைக் கேட்கத் தோன்றவில்லை.

அலமு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கடவுச்சொல் கேட்டது. சாஹித்யா எழுந்து வந்து, அதைக் கண்டுபிடிக்க முடியாது, விட்டுவிடு அம்மா என்றாள். அலமு ஆலையில் அவருக்குக் கொடுத்திருந்த ஸ்டாஃப் நம்பரைத் தட்டினாள். திறந்துகொண்டது. அந்தத் தலைமுறையில் ஆஸ்பத்திரி சீட்டிலிருந்து பூட்டு வரைக்கும் எல்லாவற்றுக்கும் அதே நம்பர்தான்.

யூசுப் கேட்டு மறந்துபோன, சக்ரபாணி கேட்டே அறியாத ஒரு விஷயம் இருந்தது. அலமு டைப்ரைட்டிங் ஹையர், முதல் வகுப்பு. செகந்திராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். வாயில் நுழையாத மருந்துப் பெயர்களைக் கீழே பார்க்காமல், பிழையில்லாமல், மூன்று கார்பன் வைத்து அடித்தவள். கணவர் பதினோரு வருஷமாக ஒரு விரலால் கொத்துவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் அந்த அறைக்குள்ளேயே போவதில்லை.

அவள் போனை ஒலிபெருக்கியில் வைத்தாள், யூசுப் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்போது அவள் அடித்து முடித்திருந்தாள்.

முதலில் கிரகத்தின் பீரங்கிகளைத் திருப்பினாள். பிறகு சிவஞானம் பத்து வருஷமாகச் சேர்த்து வைத்து ஒருநாளும் பயன்படுத்தாத கலங்கள் இருநூற்றை வெளியே விட்டாள். அவருக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. பரணில் நாலு பிரஷர் குக்கர் அப்படித்தான் கிடக்கின்றன. ஒவ்வொரு கட்டளைக்கும் 'நிச்சயமா? ஹவ் அல்லது நக்கோ' என்று கேட்டது. ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, ஹவ். மூன்று எழுத்து, ஹவ். அறையில் மழை பிடித்த மாதிரி சத்தம். சாஹித்யா லேப்டாப்பில் இருந்த மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு வந்து பின்னால் நின்றாள்.

சக்ரபாணியும் சும்மா இருக்கவில்லை. திரையில் அவர் கட்டளைகளின் கதி இந்தப் பக்கமும் தெரிந்தது. அறுபது கலத்தைத் திருப்பு என்று அடிக்கப்போய் எழுத்துப்பிழை. சம்ஜே நை, ஃபிர் போலோ. மறுபடி அடித்தார். சம்ஜே நை. இதற்கிடையில் அலமு ஒன்பது கட்டளை அடித்திருந்தாள். மூன்றாவது தடவை சரியாக அடித்துவிட்டார். நிச்சயமா என்று கேட்டதற்கு, அவசரத்தில், பாங்க் பழக்கத்தில், எஸ் என்று அடித்தார். ஃபிர் போலோ.

நாலரை மணிக்கு அறுபது கலமும் போய்ச் சேர்ந்தன. தலைமைக் கப்பலும் உடைந்தது. சக்ரபாணி ஒரு சின்ன உயிர்காப்புக் கூண்டில் தனியாக மிதந்தார். திரையில் கடைசிக் கேள்வி வந்தது: 'கூண்டையும் அழிக்கவா? ஹவ் அல்லது நக்கோ.' அழித்தால் அவருடைய பதினோரு வருஷமும் அதோடு போகும், மறுபடி ஒன்றுமில்லாமல் தொடங்க வேண்டும் என்று யூசுப் தாழ்ந்த குரலில் விளக்கினார். பதில் வரும்வரை கூண்டு நகரவும் முடியாது என்றார். அதற்குக் கால வரம்பு உண்டா என்று அலமு கேட்டாள். யூசுப் யோசித்தார். வரம்பு வைக்க அவருக்குத் தோன்றியதில்லையாம். அந்த ஆட்டத்தில் பதில் சொல்லாமல் இருக்கிற பொறுமை இதுவரை எவனுக்கும் இருந்ததில்லை.

அலமு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

"எத்தனை இலைன்னு சொன்னோம்?" என்று மகளைக் கேட்டாள்.

"அம்மா, யூ ஹேவ் டு டைப் சம்திங்," என்றாள் சாஹித்யா.

"அறுபதுன்னு போட்டுக்கோ."

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சக்ரபாணி வந்தார். வராமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும். மிச்சமிருந்த பதினேழு பேரும் வந்திருந்தார்கள், யூசுப்போடு. மூன்று நாளாக அவர்கள் மண்டலம் மண்டலமாகக் கப்பலை ஓட்டிக்கொண்டு வந்து, கூண்டுக்குள் மிதக்கிற சக்ரபாணியைச் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் போனதாகவும், சிலர் அவருக்கு வெங்காயம் வேண்டுமா என்று விலை சொன்னதாகவும் சாஹித்யாவுக்குச் செய்தி வந்திருந்தது. சக்ரபாணி பந்தியில் தலை நிமிராமல் சாப்பிட்டார். பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். கை கழுவிக்கொண்டு வந்து, அலமு தனியாக நின்ற சமயம் பார்த்து அருகே நின்றார்.

"சிஸ்டர், அந்த ஹவ்-நக்கோ கேள்விக்கு நீங்க இன்னும் பதில் போடலை."

"காரியம் முடியட்டும் சார்."

"இன்னிக்கு முடிஞ்சுடுத்தே. பதினாறு."

"எங்களுக்கு முடிஞ்சிடுச்சு. யூசுப் பாய் கணக்குல நாப்பதாமே. நோட்டீஸ் போட்டவரு அவருதானே."

சக்ரபாணி யூசுப்பைத் தேடினார். யூசுப் வெற்றிலைத் தட்டில் பாக்கை மும்முரமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆக மேலும் இருபத்தைந்து நாள் சக்ரபாணி அண்டவெளியில் மிதந்தார். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போவார் என்று கேள்வி. அவர் வீட்டுப் பெண்மணி, பெயர் லலிதா, ஒருநாள் அலமுவுக்குப் போன் பண்ணினாள். திட்டப் போகிறாள் என்று அலமு தயாராக இருந்தாள். இவர் இப்போதெல்லாம் சாயங்காலம் காய்கறிக்குக் கூட வருகிறார், முடிந்தால் அந்தக் கேள்வியை அப்படியே வைத்திருங்கள் என்றாள் லலிதா. இருவரும் அதற்குப்பின் வேறு என்னென்னவோ பேசினார்கள். போனை வைத்தபின்தான் தான் சிரித்திருக்கிறோம் என்பது அலமுவுக்குத் தெரிந்தது. அன்று முழுக்க அது ஒரு குற்றம்போல உறுத்தியது.

நாற்பதாம் நாள் யூசுப் ஒரு டப்பா குபானி கா மீட்டா, ஆப்ரிகாட் இனிப்பு, எடுத்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார். அறிவிப்பை இன்று எடுத்துவிட வேண்டும், இனி யார் வேண்டுமானாலும் சிவா பாயின் கிரகத்தை அடிக்கலாம், அதைத் தடுக்கத் தன்னால் முடியாது என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அடிக்க வருவார்களா என்று அலமு கேட்டாள். இல்லை என்றார் யூசுப். பயந்து கிடக்கிறார்கள், இரண்டு பேர் டைப்ரைட்டிங் வகுப்பு எங்கே நடக்கிறது என்று விசாரித்தார்கள்.

மறுநாள் காலை, காப்பி குடித்துவிட்டு, அலமு போய் உட்கார்ந்தாள். கேள்வி அதே இடத்தில் நின்றது. ஹவ் என்று அடிக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்த ஆளின் பதினோரு வருஷத்தைத் துடைக்க மூன்று எழுத்து போதும். அவர் சொன்னதுபோல இது வெறும் கேம். விரல் அந்த எழுத்துகளின்மேல் போய் உட்கார்ந்தது. பதினோரு வருஷமாக இன்னொரு வீட்டிலும் ஒருத்தி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் பதில் வாங்கியிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. அவள் நக்கோ என்று அடித்தாள். நிதானமாக, ஒரு விரலால்.

கூண்டு உடனே கிளம்பிப் போயிற்று. நன்றி ஒன்றும் வரவில்லை.

அதற்குப்பிறகு அவள் கிரகத்தில் இறங்கினாள். யூசுப் சொல்லியிருந்த அந்தப் பக்கம் திறந்தது. மேலே பெயர், அதன் கீழே அவர் சேர்ந்த தேதி. தன்னைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். இருக்கவில்லை. அவளைப் பற்றியோ, மகளைப் பற்றியோ, ஆலையைப் பற்றியோ, எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. ஆட்டம் கேட்டிருந்த கேள்விகளுக்கு, ஒரு விண்ணப்பத்தை நிரப்புகிற மாதிரி, பதில் மட்டும் எழுதியிருந்தார். மக்கள்தொகை, நாலாயிரத்துச் சொச்சம். காற்று, பரவாயில்லை. இரண்டு சூரியன், கோடையில் கஷ்டம். கடைசியாகத் தண்ணீர் வசதி.

என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஆறு என்று எழுதியிருக்கலாம், அருவி என்று எழுதியிருக்கலாம், கேட்க ஆளில்லை. அலமு அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். திருத்தவா என்று கீழே கேட்டது. அவள் வெளியே வந்துவிட்டாள்.

நியூ மௌலா அலியில் இன்றும் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது.